சங்கத்து வாசலில் நிற்கிறவர்

சிலை வைக்கலாம் என்று முதலில் வாயைத் திறந்தவன் நான்தான். ஆகவே இதைப் படித்து முடித்ததும் யாரையாவது திட்ட வேண்டும் என்று தோன்றினால், கூச்சப்படாமல் என்னிடமிருந்தே ஆரம்பிக்கலாம். என் பெயர் அருணகிரி. ஆரணியில் எங்கள் பட்டு நெசவாளர் சங்கத்தில் இருபத்தாறு வருடம் எழுத்தராக இருந்தேன். கோபக்காரன் என்று பெயரெடுத்தவன். அந்தப் பெயரில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் கோபப்பட வேண்டிய ஒரு நாளில் வாயை மூடிக்கொண்டு நின்றேன், அதைத்தான் சொல்லப் போகிறேன். கதை என்னுடையது அல்ல, பூங்காவனம் அண்ணியுடையது.

அண்ணி என்றால் கூடப்பிறந்தவன் மனைவி என்று நினைத்துவிடாதீர்கள். சங்கத்தை ஆரம்பித்த ராஜவேலு, தெருவில் எங்கள் வயதுக்காரர்கள் அத்தனை பேருக்கும் அண்ணன். அதனால் இவர் அத்தனை பேருக்கும் அண்ணி. சேத்துப்பட்டுப் பக்கம் ஒற்றைத் தறி வீட்டில் பிறந்து, பதினேழு வயதில் கல்யாணமாகி ஆரணிக்கு வந்தவர். அது ஐம்பத்தேழாம் வருடம். முதலாளி முகம் சுளித்தால் அன்றைக்கு வீட்டில் அடுப்பு எரியாது என்றிருந்த காலத்தில், நாற்பது தறிக்காரர்களைத் திரட்டிச் சங்கம் வைத்தவர் ராஜவேலு அண்ணன். எழுபதாம் வருடம் மஞ்சள் காமாலையில் போய்விட்டார். முப்பத்தெட்டு வயது. குழந்தை இல்லை. அண்ணிக்கு அப்போது முப்பது.

அதற்குப் பிறகு அண்ணி ராட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு, நாலு தறிக்குத் தார் சுற்றிக் கொடுத்துத் தனியாகவே வாழ்ந்தார். குறுக்கே ஊடையாகப் போகிற பட்டு இழையை, தறியில் இப்படியும் அப்படியும் ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற சின்னக் குழலில் சுற்றுகிற வேலை அது. ஆயிரம் இழையில் ஒன்று அறுந்திருந்தாலும் ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு பார்வை பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார். அப்பேர்ப்பட்ட கண். வாயும் அப்படித்தான். யாராவது பரிதாபப்பட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றால், "இன்னா, அழறதுக்கு உங்க ஊட்ல இடம் இல்லியா?" என்று கேட்டு அனுப்பிவிடுவார். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். பயமும் உண்டு.

ராஜவேலு அண்ணனுக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று நம்பியவர் அவர். முதலாளியைப் பார்த்துப் பயப்படாத மனிதன், போலீசைப் பார்த்துப் பயப்படாத மனிதன், கேமராப் பெட்டியைப் பார்த்தால் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு நகர்ந்துவிடுவார். கல்யாணத்துக்கு வந்தவாசியிலிருந்து வந்த போட்டோக்காரரைச் சாப்பாடு போட்டு அப்படியே பஸ் ஏற்றிவிட்டார்களாம். "போட்டோ எடுக்காமலே முப்பத்தெட்டுல போய்ட்டாரு. எடுத்திருந்தா இன்னும் ஜல்தியா போயிருப்பாரோ இன்னாவோ" என்று அண்ணியே சொல்லிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பில் நாங்கள் யாரும் சேர்ந்துகொள்ள மாட்டோம்.

எழுபத்தொன்பதில் சங்கத்துக்குப் புதுக் கட்டடம் எழும்பியது. வாசலில் ராஜவேலு அண்ணனுக்குச் சிலை வைக்கலாம் என்று கூட்டத்தில் எழுந்து சொன்னேன். கை தட்டினார்கள். தலைவர் ஜெகநாதன் உடனே தீர்மானம் எழுதச் சொன்னார். எழுதி முடித்து நிமிர்ந்த பிறகுதான் யாரோ கேட்டார்கள், முகத்துக்கு என்ன செய்வது என்று. அடக் கடவுளே, அது வரைக்கும் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

அண்ணியிடம் போனேன். வேண்டாம் என்பார், விரட்டுவார் என்று பதில்களெல்லாம் தயாராக வைத்துக்கொண்டுதான் போனேன். அவர் ராட்டையை நிறுத்தினார்.

"செய்ங்க தம்பி. சீக்கிரம் செய்ங்க" என்றார்.

"சீக்கிரமா? ஏன் அண்ணி?"

"முகம் நழுவுது தம்பி. குரல் இருக்குது. செருப்பு சத்தம் இருக்குது. இருமினா எப்பிடி இருமுவாருன்னு நான் இருமியே காட்டுவேன். முகம் மட்டும் காலைல இருந்தா சாயங்காலம் இல்ல. ஒரு புள்ளை இருந்திருந்தா அதும் மூஞ்சில பாத்துக்கினு இருந்திருப்பேன். அதுவும் இல்ல. ஒரு நாளு மொத்தமா போயிடும்னு பயமா இருக்குது. அதுக்குள்ள செஞ்சிடுங்க."

அண்ணி பயம் என்ற வார்த்தையைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சிலை எங்களுக்கு ஒரு மரியாதை, கட்டடத்துக்கு ஒரு அழகு. அவருக்கு அது புருஷன் முகம். இது எனக்கு அன்றைக்கே தெரியும். தெரியாது என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

சிலை செய்ய வந்தவர் கொசப்பாளையத்துக் குப்புராஜ். சுற்றுவட்டாரத்தில் பச்சையம்மன் கோயில்களில் காவலுக்கு உட்கார்ந்திருக்கும் முனிச் சிலைகளில் பாதி அவர் கைவேலை. செங்கல்லும் சுண்ணாம்பும் சிமெண்டுமாக இருபது அடி உயரத்தில், முழித்த கண்ணும் முறுக்கிய மீசையுமாக உட்கார வைப்பார். பார்த்தால் குழந்தைகளுக்குக் காய்ச்சல் வரும். மனிதனைச் செய்து பழக்கம் இல்லை என்று அவர் சொல்லவே இல்லை. நாங்களும் கேட்கவில்லை.

"போட்டோ இல்லன்னா இன்னா சார்? முனிக்கு எவன் போட்டோ குடுத்தான்? இத்தினி முனி வெச்சிருக்கேன், மூக்கு சரியில்லன்னு ஒருத்தன் சொன்னது கிடையாது."

அண்ணி சும்மா இருப்பாரா? "முனிக்குப் பொண்டாட்டின்னு ஒருத்தி இருந்து, அவ வந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும் சேதி" என்றார். குப்புராஜ் சிரித்தார். ஆனால் அதற்குப் பிறகு அண்ணியைப் பார்த்தால் பீடியைக் கீழே போட ஆரம்பித்தார்.

முகத்தை எப்படிப் பிடிப்பது? குப்புராஜுக்கு ஒரு வழி தெரிந்திருந்தது. எங்கள் பக்கம் குழந்தை பிறந்தால் முதல் நாளே பாகப்பிரிவினை நடந்துவிடும். மூக்கு அத்தையுடையது, நெற்றி தாத்தாவுடையது, கால் கட்டைவிரல்கூட மாமனுடையது என்று ஆளுக்கொன்றாகப் பிரித்து எடுத்துக்கொள்வார்கள். அந்தப் பிள்ளைக்கென்று ஒன்றும் மிச்சம் இருக்காது. அதையே திருப்பிப் போட்டார் குப்புராஜ். ஒவ்வொன்றாகக் கேட்டார், அண்ணி சொன்னார்.

"மூக்கு?"

"தேவிகாபுரத்துல அவங்க பெரியம்மா புள்ள துரை இருக்கான். அதே மூக்கு."

"நெத்தி?"

"அவங்க அக்கா கெங்கம்மா நெத்தி."

"காது?"

"நம்ம ஜெகநாதன் காது மாதிரி. ஜெகநாதனுக்கு ஒட்டிகினு இருக்கும். அவருக்குக் கொஞ்சம் வெளியே விரிஞ்சிருக்கும்."

"தாடை?"

"எங்க மாமியா தாடை."

"அவங்க எங்க இருக்காங்க?"

"செத்து இருவது வருசம் ஆச்சு."

குப்புராஜ் தலையைச் சொறிந்தார். கடைசியில் கெங்கம்மாளின் மகனுடைய தாடை பாட்டியின் தாடைதான் என்று ஊரே சாட்சி சொல்ல, அது எடுத்துக்கொள்ளப்பட்டது. அந்த ஐப்பசியில் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகச் சங்கத்துக் கொட்டகையில் வந்து முக்காலியில் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். துரை தேவிகாபுரத்திலிருந்து நாலு தடவை பஸ்ஸில் மூக்கைக் கொண்டுவந்து காட்டிவிட்டுப் போனான்.

"கண்ணு?" என்று கேட்டார் குப்புராஜ்.

அண்ணி கண்ணை மூடிப் பார்த்தார். "கண்ணு யாரோடதும் இல்ல. அது அவருதுதான். இப்ப கேட்டா சொல்லத் தெரியல. நீ கண்ணு வெக்கறப்போ நான் பக்கத்துல நின்னு பாத்து சொல்றேன். சரியா வந்தா எனக்குத் தெரிஞ்சிடும்" என்றார். குப்புராஜும் சரி என்று தலையாட்டினார்.

தை மாதம் கண் வைக்கிற நாள் வந்தது. இங்கேதான் எல்லாம் கெட்டது. சாமிச் சிலை செய்கிறவர்கள் கண்ணைக் கடைசியில்தான் திறப்பார்கள். விடிவதற்கு முன் பூசை போட்டு, எதிரே கண்ணாடி பிடித்து, அதன் பிறகே ஆள் எதிரில் வரலாம். "மனுசனுக்கு எதுக்குய்யா கண் திறப்பு?" என்று ஜெகநாதன் கேட்டார். குப்புராஜ் ஒரே பிடியாக நின்றார். "என் கையால திறக்கற கண்ணு எதுவா இருந்தாலும் முறைப்படித்தான். நாளைக்கு எனக்கு ஒண்ணு ஆச்சின்னா என் புள்ளைங்களுக்கு யாரு பதில் சொல்றது?" என்றார். சரி, மனிதர் பயப்படுகிறார், ஒரு தேங்காய் உடைத்தால் போயிற்று என்று விட்டுவிட்டோம். கண்ணாடியை என்னிடம் கொடுத்தார்கள்.

அண்ணி தலைக்குக் குளித்து, ஈரக் கூந்தலோடு விடியற்காலையில் வந்துவிட்டார். கொட்டகை வாசலில் கெங்கம்மாள் கையைக் குறுக்கே நீட்டினார்.

"நீ எதிர்ல நிக்கக் கூடாது பூங்காவனம். கண்ணு திறந்ததும் முதல்ல தாலி இல்லாத உன்னையா பாக்கணும்?"

"வேற யாரப் பாக்கணும்? என் புருசன்தானே?"

கெங்கம்மாள் கெட்டவர் அல்ல. கூடப்பிறந்த தம்பிக்காக முதல் நாளிலிருந்து பட்டினி கிடந்தவர். ஜெகநாதன் தரையைப் பார்த்தார். குப்புராஜ், "சட்டுனு முடிச்சிடறேன்மா, அப்புறம் வந்து பாருங்க" என்றார். அண்ணி என்னைப் பார்த்தார். காகிதத்தில் ஒரு எழுத்துப் பிசகினால் சங்கத்தையே இரண்டாக்குகிறவன் நான். அன்றைக்குக் கையில் கண்ணாடியை வைத்துக்கொண்டு மரம் மாதிரி நின்றேன். அண்ணி திரும்பிப் போய்விட்டார். போகும்போது ராட்டைக்காரி நடை, வேகமான நடை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் பற்றிக்கொண்டு வருகிறது.

குப்புராஜின் கைக்குத் தெரிந்த கண் ஒன்றுதான். முனியின் கண். அதைக் கொஞ்சம் சின்னதாக்கி, இரண்டையும் அகலத் திறந்து வைத்தார். நான் கண்ணாடி பிடித்தேன்.

பத்து நாள் கழித்துத் திறப்பு விழா. மேளம், மாலை, ஒலிபெருக்கி. துணியை இழுத்ததும் கூட்டமே, "அப்படியே! அப்படியே ராஜவேலு!" என்றது. துரை அழுதான். கெங்கம்மாள் சிலையின் காலைக் கட்டிக்கொண்டார். நானும்தான் நினைத்தேன், அடடே, அண்ணன் வந்துவிட்டார் என்று. அண்ணி பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து வந்து, கழுத்தை நிமிர்த்தி ரொம்ப நேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்குது தம்பி. யாரு இது?"

கிண்டல் செய்கிறார் என்று முதலில் நினைத்தேன். முகத்தைப் பார்த்தபிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

அன்றிலிருந்து தினமும் காலையில் ராட்டையில் உட்காருவதற்கு முன் அண்ணி சங்கத்து வாசலுக்கு வருவார். அறுந்த இழையைத் தேடுகிற மாதிரி அந்த முகத்தை மேலும் கீழும் பார்ப்பார். என்ன தப்பு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. "மூக்கு துரை மூக்குதான். நெத்தி அவங்க அக்கா நெத்திதான். எல்லாம் நான் சொன்னதுதான். எதையும் தப்புன்னு சொல்ல முடியல. ஆனா அவரு இல்ல தம்பி. வேற எவனோ அவரு மூக்கப் போட்டுக்கினு நிக்கறான்."

எனக்குக் குழம்பியது. மூக்கும் சரி, நெற்றியும் சரி, காதும் சரி என்றால் ஆள் எப்படித் தப்பாவான்? மறுபடி மறுபடி போய்ப் பார்ப்பேன். ஒரு நாள் அண்ணன் மாதிரி இருக்கும். மறுநாள் பார்த்தால் துரை மாதிரி இருக்கும். இன்னொரு நாள், வெயில் சாய்ந்த நேரத்தில், மீசை சின்னதான முனி மாதிரியே இருக்கும். ஜெகநாதனிடம் சொன்னேன். "சிலைன்னா ஒரு அடையாளம்யா. ஆள் மாதிரி இருக்கணும்னு எந்தச் சட்டத்துல இருக்குது? கீழ பேரு எழுதி இருக்குது இல்ல?" என்றார். அதுவும் நியாயம் மாதிரிதான் இருந்தது. கோயிலில் கும்பிடுகிறோமே, அம்மன் முகம் இதுதான் என்று எவன் பார்த்துவிட்டு வந்து சொன்னான்? பார்த்தவர்கள் இல்லாத வரைக்கும் எல்லாச் சிலையும் சரிதான். இந்தச் சிலைக்குப் பார்த்தவர் ஒருவர் இருந்தார். அதுதான் பேஜாராகப் போயிற்று.

நான் போய்ச் சண்டை போட்டதில் குப்புராஜ் மூன்று தடவை வந்து கொத்திப் பூசினார். முதலில் உதட்டை மெல்லிசாக்கினார். அண்ணி, "கிட்ட வந்திருக்கு" என்றார். பிறகு கன்னத்தை ஒட்டவைத்தார். "தூரமா போயிடுச்சு" என்றார். மூன்றாவது தடவை மீசையை இறக்கினார். அண்ணி நின்று நின்று பார்த்துவிட்டு, "கண்ணுதாம்பா. கண்ணுதான் அவரு இல்ல" என்றார்.

குப்புராஜ் சாரத்திலிருந்து இறங்கிவிட்டார். "அது மட்டும் கேக்காதீங்கம்மா. திறந்த கண்ணுல உளி வெச்சா குருடாக்கினதா ஆயிடும். எங்க அப்பாவே வந்து சொன்னாலும் செய்ய மாட்டேன்." காலில் விழாத குறையாகச் சொன்னார். அண்ணி அவரைத் திட்டினார் பாருங்கள், சங்கத்து உள்ளே தறிக்குப் பாவு நூல் வாங்க வந்தவர்கள் எல்லாம் வெளியே ஓடிவந்துவிட்டார்கள். குப்புராஜ் குனிந்த தலை நிமிராமல் சாமான்களை எடுத்துக்கொண்டு போனார்.

அதோடு அண்ணி வருவதை நிறுத்திவிட்டார். எண்பத்திரண்டு வாக்கில், கூலிப் புத்தகத்தில் கைநாட்டு வாங்க அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். ராட்டை சுற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமலே சொன்னார்:

"முன்ன கண்ண மூடினா எப்பவாவது வருவாரு. பாதி மூஞ்சியாவது வரும். இப்ப கண்ண மூடினா அந்த சிமெண்டு மூஞ்சிதான் வருது. ரெண்டு கண்ணையும் உருட்டிகினு நேரா வந்து நிக்குது. அவர வரவிட மாட்டேன்னுது. இருந்த கொஞ்சத்தையும் தொலைச்சிட்டேன் தம்பி."

அடுத்த கூட்டத்தில் சிலையை எடுத்துவிடலாம் என்று எழுந்து சொன்னேன். அடிக்காத குறை. ராஜவேலுவை அவமானப்படுத்துகிறேன் என்றார்கள். புதிதாகத் தறி பூட்டுகிற பையன்கள் அதற்குள் அந்தச் சிலையின் காலைத் தொட்டுவிட்டுப் பாவு வாங்கப் பழகியிருந்தார்கள். கல்யாணப் பத்திரிகையை முதலில் அங்கே வைக்கிறவர்கள்கூட உண்டு. அவர்கள் யாரும் ராஜவேலுவைப் பார்த்ததில்லை. அவர்களுக்கு ராஜவேலு என்றால் இதுதான். அவர்கள் கும்பிடுவது யாரை? அண்ணனையா, துரை மூக்கையா, குப்புராஜின் முனியையா? யோசித்தால் எனக்குத் தலை சுற்றும். ஆனால் கும்பிடு என்னவோ உண்மையான கும்பிடுதான்.

எண்பத்தாறில் வேலூரில் ஒரு பழைய கைத்தறித் துறை அலுவலகத்தைக் காலி செய்தபோது, எங்கள் சங்கத்துக் காகிதங்கள் ஒரு கட்டு எனக்கு வந்து சேர்ந்தது. நடுவில் ஒரு போட்டோ. சங்கம் ஆரம்பித்த நாளில் பந்தலுக்கு முன்னால் வரிசையாக நிற்கிற எட்டு பேர். வந்திருந்த அதிகாரி யாரையும் கேட்காமல் எடுத்துக்கொண்டு போயிருப்பார் போலிருக்கிறது. நான் வேலைக்குச் சேருவதற்கு முந்தைய வருடம். அண்ணன் இதில் இருந்தாக வேண்டுமே!

தேடினேன். எட்டு வருடம் கூடவே இருந்து, ஒரே தட்டில் பக்கோடா தின்றவன் நான். எட்டு முகத்தையும் இரண்டு தடவை பார்த்தும் அவர் கிடைக்கவில்லை. போட்டோவைத் திருப்பினேன். எனக்கு முன்பிருந்த எழுத்தர் பொறுப்பான மனிதர், அதிகாரி கேட்டு அனுப்பியிருப்பார் போல, பின்னால் வரிசையாகப் பெயர் எழுதித் திருப்பி அனுப்பியிருந்தார். நாலாவது பெயர் ராஜவேலு. திருப்பி நாலாவது ஆளைப் பார்த்தேன். ஐயோ! அவர்தான். இழை பார்த்துப் பார்த்து இடது கண் கொஞ்சம் சுருங்கியே இருக்கும் அவருக்கு. எப்போதும் எதையோ குறி பார்க்கிற மாதிரி ஒரு முகம். அந்தச் சுருக்கத்தைக் குப்புராஜிடம் ஒருவரும் சொல்லவில்லை. எங்கள் யாருக்கும் ஞாபகமே இல்லை. அன்றைக்குக் கொட்டகைக்குள் விட்டிருந்தால், இரண்டு கண்ணும் அகலமாகத் திறந்த அந்த நிமிஷமே அண்ணி கண்டுபிடித்துச் சொல்லியிருப்பார்.

உட்கார்ந்து அழுதேன். பிறகு சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. போன முகம் திரும்பி வந்துவிட்டதே! செருப்புக்கூடப் போடாமல் அண்ணி வீட்டுக்கு ஓடினேன்.

அண்ணிக்கு நாற்பத்தாறு வயது. தலை நரைத்திருந்தது, கண் மட்டும் அப்படியே இருந்தது. போட்டோ என்றதும் ராட்டையை விட்டு எழுந்து, கையைக் கழுவி முந்தானையில் துடைத்துக்கொண்டு ஜன்னலண்டை வந்தார். நான் அறிவுகெட்டவன். இதோ இவர்தான் என்று விரலை வைத்துக் காட்டியிருக்க வேண்டும். அந்தச் சந்தோஷத்தை அவரே கண்டுபிடிக்கட்டும் என்று நினைத்து, "எங்க இருக்காருன்னு நீங்களே சொல்லுங்க அண்ணி" என்றேன்.

விரலை முதல் முகத்தில் வைத்தார். உதடு என்னமோ முணுமுணுத்தது. இரண்டு, மூன்று. நாலாவது முகத்தின் மேல் விரல் வந்தது. நானும் கூடவே குனிந்தேன். விரல் நிற்கவில்லை. ஐந்து, ஆறு.

"இதோ!" என்றார். "இதோ இருக்காரு! ஐயோ தம்பி, இதோ இருக்காரு!"

ஏழாவது ஆள். அகலமாக முழித்த கண்ணும் நல்ல மீசையுமாக, கையில் ஒரு பையோடு ஓரமாக நிற்கிற யாரோ ஒருவர்.

அண்ணி அழுதார், சிரித்தார், மூக்கைச் சிந்தினார். பதினாறு வருடத்தில் நான் பார்க்காத ஒரு முகம் அவருக்கு அப்போது இருந்தது. "பாரு தம்பி, அந்தக் கண்ணப் பாரு. குப்புராஜு சரியாத்தான் செஞ்சிருக்கான். நான்தான் பாவி. அந்த மனுசன நாலு பேரு முன்னால எப்பிடியெல்லாம் பேசிட்டேன்! ஊரே அவருதான்னு சொல்லும்போது நான் ஒருத்தி மட்டும் இல்ல, இல்லன்னுகினு இருந்தேனே. எனக்குத்தான் புத்தி கெட்டுப் போயிருக்குது. இல்லியா தம்பி?"

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. சொன்னால் என்ன ஆகும்? நாலாவது ஆளைக் காட்டினால் அவருக்கு அண்ணனைத் தெரியுமா? தெரியாமல் போனால்? புருஷன் முகத்தின் மேல் விரல் வைத்தும் தெரியாமல் தாண்டிப் போனேன் என்று இந்தப் பெண்பிள்ளைக்குத் தெரிந்தால்?

"ஆமாங்க அண்ணி" என்றேன்.

அவர் போட்டோவைத் திருப்பினார். அண்ணிக்குப் படிக்கத் தெரியாது.

"பின்னால இன்னாமோ எழுதி இருக்குதே?"

"பேருங்க அண்ணி. வரிசையா நிக்கறவங்க பேரு."

"அவரு பேரு எங்க இருக்குது? காட்டு."

என் விரல் தானாக ஏழாவது வரிக்குப் போயிற்று. பழைய எழுத்தர் முத்து முத்தாக எழுதியிருந்தார்: பெயர் தெரியாது, வந்தவாசி பஸ்ஸுக்கு நின்றவர். அண்ணி அந்த எழுத்துகளைக் கட்டைவிரலால் மெல்லத் தடவினார். பிறகு குனிந்து, அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.